தண்ணீர்விட்டான் கிழங்கு வாங்கப் போகிறீர்களா? சென்னையில் எங்கே, எப்படி, எவ்வளவு

எனக்கு 41 வயதில் மாதவிலக்கு முன்பின்னாக வர ஆரம்பித்தது. எப்போதும் அசதி, உள்ளங்கால் எரிச்சல், ராத்திரி தூக்கம் இல்லை. அதே சமயம் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து, பால் போதவில்லை என்று அழுதுகொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் அம்மா சொன்ன மருந்து ஒன்றுதான்: "தண்ணீர்விட்டான் கிழங்கு சாப்பிடுங்கடி, எல்லாம் சரியாயிடும்."

நான் அன்றைக்கே இணையத்தில் மாத்திரை டப்பா ஆர்டர் போட்டேன். நாலு மாதம் சாப்பிட்டேன், சுமார் 3,000 ரூபாய் போனது. கடைசியில் ரத்தம் பரிசோதித்தால் தைராய்டு. தங்கச்சி கதை வேறு, அதைக் கீழே சொல்கிறேன். அதன்பிறகு சித்த மருத்துவரைப் பார்த்து, கடை கடையாக ஏறி இறங்கி, முறையாகவும் ஒரு சுற்று சாப்பிட்டேன். நான் மாற்றி மாற்றிச் செய்ததை நீங்கள் வரிசையாகச் செய்தால் காசும் மிஞ்சும், நாலு மாதமும் மிஞ்சும்.

1. எதற்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சதாவரி, சதாவேரி, சதமூலி, நீர்விட்டான் எல்லாம் ஒரே கிழங்குதான். தாவரப் பெயர் அஸ்பராகஸ் ரெசிமோசஸ். சித்த மருத்துவத்தில் இது இனிப்புச் சுவையும் குளிர்ச்சியும் உள்ள மருந்து. வெள்ளைப்படுதல், உடல் சூடு, நீர்க்கடுப்பு, தாய்ப்பால் குறைவு, பிரசவத்துக்குப் பிந்தைய பலவீனம் ஆகியவற்றுக்குக் கொடுப்பது வழக்கம். இதிலுள்ள சபோனின் வகைப் பொருட்களுக்குச் சதாவரின்கள் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெண்களின் ஹார்மோன் போல இவை லேசாக வேலை செய்யலாம் என்ற கருத்தும் இருக்கிறது.

வழக்கம் ஒன்று, நிரூபணம் ஒன்று. தாய்ப்பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1996-ல் இந்தியாவில் வெளியான ஓர் ஆய்வில் பால் குறைவான தாய்மார்களுக்கு இது கலந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. 2011-ல் வெளியான இன்னோர் ஆய்வில் 60 தாய்மார்கள். கிழங்கு சாப்பிட்டவர்களுக்கு புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) நன்றாகவே கூடியது. இரண்டும் சின்ன ஆய்வுகள். மாதவிலக்கு நிற்கும் வயதின் தொந்தரவுகள், பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) போன்றவற்றுக்கு இருக்கும் ஆதாரம் இதைவிட மெலிது. "கர்ப்பப்பை சம்பந்தமான எல்லாம் தீரும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள். பெண்களின் மாதவிலக்குக் கோளாறு, மலட்டுத்தன்மை போன்றவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டமே தடுக்கிறது. அப்படியும் கைபேசியைத் திறந்தால் வரிசையாக அதே விளம்பரம்தான்.

ஒரு தாளில் உங்கள் தொந்தரவை ஒரே வரியில் எழுதுங்கள். "உடம்பு சரியில்லை" என்று எழுதாதீர்கள். "மூன்று மாதமாக 20 நாளைக்கு ஒருமுறை மாதவிலக்கு" என்பதுபோல எழுதுங்கள். டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான்.

2. கிழங்குக்கு முன்னால் பரிசோதனை

நான் தவறவிட்ட படி இது. அசதிக்கும் மாதவிலக்குக் கோளாறுக்கும் தைராய்டு, ரத்தசோகை, கர்ப்பப்பைக் கட்டி எனப் பல காரணங்கள் உண்டு. கிழங்கு எதையும் கண்டுபிடித்துச் சொல்லாது. சாப்பிட ஆரம்பிப்பதற்கு முன் டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை), ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். எங்கள் பக்கத்து லேபில் எனக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. வயிற்று ஸ்கேன் டாக்டர் எழுதிக் கொடுத்தால் போதும். அதற்குத் தனியாரில் 1,200 ரூபாய் கொடுத்தேன். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தச் செலவும் இல்லை, காத்திருக்கும் நேரம்தான் செலவு.

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ரத்தம் பட்டாலும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையும் அளவு போக்கு இருந்தாலும், மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும் நாட்டு மருந்துக் கடைப்பக்கமே போகாதீர்கள். எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனைக்கோ, திருவல்லிக்கேணியில் பழைய ஆட்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைக்கோ நேரே போங்கள்.

பால் விஷயம். தங்கச்சிக்குப் பால் உண்மையில் குறைவே இல்லை. குழந்தை ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை சிறுநீர் போனது, எடையும் ஏறியது. பிறந்து ஐந்து நாளுக்குப் பிறகு ஆறு தடவைக்கு மேல் துணி நனைந்தால் பால் போதுகிறது என்றுதான் அர்த்தம். குழந்தை வாய் வைத்த விதம் சரியில்லை, அதனால் அவளுக்கு வலி. வலிக்குப் பயந்து இடைவெளி விட்டுவிட்டாள். நர்ஸ் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்ததும் சரியானது. ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் கொடுத்தால் சுரப்பு தானாகக் கூடும். வீட்டில் பால் சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் செய்துகொடுத்தது தனிக் கதை. அதில் ஒன்றும் குறை இல்லை, அவளுக்கு நல்ல சாப்பாடு கிடைத்தது.

3. யார் தொடக்கூடாது

டாக்டர் எனக்குச் சொன்ன பட்டியலோடு, நான் தேடித் தெரிந்துகொண்டதையும் சேர்க்கிறேன்.

கர்ப்பமாக இருப்பவர்கள் தானாக எடுக்க வேண்டாம். "கர்ப்பிணிக்குத் தெம்பு" என்று கொடுக்கும் வீடுகள் உண்டு. எலிகளில் செய்த ஒரு சோதனையில் கருவுக்குப் பாதிப்பு தெரிந்திருக்கிறது. மனிதர்களில் போதிய ஆய்வு இல்லாதபோது எதற்குப் பந்தயம்? மார்பகப் புற்றுநோய், கர்ப்பப்பைப் புற்றுநோய் போன்று ஹார்மோனோடு சம்பந்தப்பட்ட நோய் வந்தவர்களும், கர்ப்பப்பையில் நார்க்கட்டி உள்ளவர்களும் தங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை கூடுதலாக இறங்கலாம். சிறுநீர் போக்குகிற தன்மை இருப்பதால் சிறுநீர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் லித்தியம் என்ற மனநல மருந்து சாப்பிடுபவர்களுக்கும் ஜாக்கிரதை தேவை. அஸ்பராகஸ் காய் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள்.

மாதவிலக்கு வலிக்கோ தலைவலிக்கோ இங்கிலீஷ் மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றால், எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். பெயர் ஞாபகம் இல்லை என்று "அந்த மஞ்சள் மாத்திரை" எனச் சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியாது. நானும் ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு அசடு வழிந்திருக்கிறேன்.

4. டாக்டரைப் பார்க்கும் நாள்

சென்னையில் இரண்டு பெரிய இடங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். சானடோரியம் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். அரும்பாக்கத்தில், அண்ணா வளைவுப் பக்கம், அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை. இரண்டிலும் சித்த மருத்துவர்களிடம் ஆலோசனையும் மருந்தும் இலவசம். கிழங்கு தேவையா என்று கேட்கப் போனாலே அவர்கள் மருந்து கொடுத்துவிடுவதும் உண்டு. எனக்கு ஒரு வாரத்துக்கான சூரணப் பொட்டலம் கிடைத்தது. நான் கடையில் வாங்கிய பொடியை ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல மாதிரியாகவும் உதவியது.

கொண்டு போக வேண்டியவை: ஆதார் அட்டை, முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள், ஸ்கேன் தாள், தற்போதைய மாத்திரை அட்டைகள், கடைசி ஆறு மாத மாதவிலக்குத் தேதிகள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம், அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள். பதினொரு மணிக்கு மேல் போனால் பதிவு முடிந்துவிடும் ஆபத்து, கூட்டம் வேறு. அரை நாள் விடுப்பு போட்டுக்கொண்டு போவது நல்லது.

தனியார் சித்த மருத்துவர் என்றால் பெயருக்குப் பின்னால் பி.எஸ்.எம்.எஸ். பட்டம் இருக்கிறதா, பதிவு எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தரை வருடம் படித்த டாக்டருக்கும், போர்டில் மட்டும் "பரம்பரை வைத்தியர்" என்று எழுதியவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. என்னிடம் ஒருவர் நாடி பார்த்த கையோடு 4,800 ரூபாய்க்கு லேகியம் எழுதிக் கொடுத்தார். என்ன பொருள் கலந்தது என்று கேட்டால் "அது தொழில் ரகசியம் மேடம்" என்றார். பொருள் பட்டியல் தராத மருந்தை வாங்காதீர்கள். அவ்வளவுதான்.

5. எந்த வடிவில் வாங்குவது

பச்சைக் கிழங்கு, காய்ந்த கிழங்கு, பொடி, லேகியம், நெய், மாத்திரை, சர்க்கரை கலந்த குருணை எனப் பல வடிவம் உண்டு.

சென்னையில் பச்சைக் கிழங்கு எளிதில் கிடைக்காது. அதன் மேல்தோலையும் நடுவில் ஓடும் நரம்பையும் உருவி எடுக்க வேண்டும். நேரம் இருந்தால் செய்யலாம், எனக்கு இல்லை. காய்ந்த கிழங்கை மிக்ஸியில் போடாதீர்கள், என் மிக்ஸியின் பிளேடு போனது. மாவு மில்லுக்குக் கொண்டு போனால் உங்களுக்கு முன்னால் மிளகாய் அரைத்திருப்பார்கள், பாலில் கலக்கும்போது மூக்கு எரியும். சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், அன்றைக்குச் சிரிக்கவில்லை. பெரிய நாட்டு மருந்துக் கடைகள் சிலவற்றில் அவர்களே அரைத்துத் தருவார்கள், கேட்டுப் பாருங்கள்.

குருணையில் பெரும்பகுதி சர்க்கரை. தாய்மார்களுக்கு என்று டப்பாவில் அம்மா படம் போட்டு விற்பதில் பொருள் பட்டியலை வாசியுங்கள், கிழங்கு எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் லேகியத்தையும் தவிர்க்கவும். எனக்குப் பிடித்தது பொடிதான். மலிவு, கலந்தது தெரியும், அளவைக் கூட்டிக் குறைக்கலாம்.

6. எங்கே வாங்குவது, எவ்வளவு

பார்க் டவுனில் ராசப்ப செட்டித் தெரு, கந்தகோட்டம் பக்கம், மொத்தமும் சில்லறையுமாக நாட்டு மருந்துக் கடைகள். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடை, எல்லாருக்கும் தெரிந்தது. மூலிகையைப் பொட்டலமாக வாங்க இவை நல்ல இடங்கள். பாக்கெட் மருந்தாக வேண்டுமென்றால் திருவான்மியூரில் இருக்கும் இம்ப்காப்ஸ் (நாட்டு மருத்துவர்களின் கூட்டுறவு மருந்தகம்), அரசின் மூலிகை மருந்து நிறுவனமான டாம்ப்கால். இவற்றில் லேபிள் ஒழுங்காக இருக்கும்.

நான் வாங்கிய விலை: பொடி 100 கிராம் 90 முதல் 140 ரூபாய் வரை, கடைக்குக் கடை மாறியது. இணையத்தில் 60 மாத்திரை 350-லிருந்து 700. ஒரு மாத்திரையில் இருக்கும் கிழங்கைக் கிராமாக மாற்றிப் பார்த்தால் பொடியைவிடப் பல மடங்கு விலை.

கடையில் பேச வேண்டிய விதம் இப்படி:

"அண்ணே, தண்ணீர்விட்டான் கிழங்கு இருக்கா? புதுச் சரக்கா?"

"போன வாரம் வந்ததும்மா. பொடியா வேணுமா, கிழங்கா?"

"முதல்ல கிழங்கைக் காட்டுங்க, அப்புறம் அதையே அரைச்சுக் குடுங்க."

கடைசி வரியைச் சொல்லாமல் பொடியை மட்டும் வாங்கி ஏமாந்திருக்கிறேன். காய்ந்த கிழங்கு இரண்டு முனையும் குறுகி, நடுவில் பருத்து, நீளவாக்கில் சுருக்கம் விழுந்து, மங்கிய வெள்ளை அல்லது இளமஞ்சளில் இருக்கும். கடித்தால் முதலில் இனிப்பு, பிறகு லேசான கசப்பு. புழு துளை, பூஞ்சை வாசனை, கண்ணைப் பறிக்கும் வெள்ளை மூன்றும் இருக்கக்கூடாது. கடைப் பையன் மறதியாக அமுக்கராவை எடுத்துத் தருவதும் நடக்கும், சஃபேத் முஸ்லியைக் காட்டி "அதேதான்" என்பதும் நடக்கும். அது வேறு, இது வேறு. நிலப்பனைக் கிழங்கும் இதுவல்ல.

7. லேபிளில் என்ன பார்க்க வேண்டும்

பாக்கெட்டில் வாங்கினால் இரண்டு வகை வரும். ஒன்று மருந்து உரிமம் பெற்றது: "சித்த மருந்து" அல்லது "ஆயுர்வேத மருந்து" என்ற சொல், உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி, பொருள் பட்டியல் எல்லாம் இருக்கும். மற்றொன்று உணவுத் துணைப்பொருள்: அதில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற எச்சரிக்கை இருக்கும். இரண்டும் சட்டப்படி விற்கலாம். உணவு உரிமத்தில் விற்றுக்கொண்டு நோய் தீரும் என்றும் சொன்னால், அங்கேதான் தவறு.

நான் வாங்கிய முதல் டப்பாவில் மருந்து உரிம எண்ணும் இல்லை, தொகுதி எண் இருந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நாலு மாதம் கவனிக்கவில்லை. விற்றவர்களுக்கு எழுதினேன், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது.

8. எப்படி, எப்போது சாப்பிடுவது

எனக்கு டாக்டர் சொன்னது: அரைத் தேக்கரண்டி பொடி, இளஞ்சூட்டுப் பாலில், ராத்திரி படுக்கும் முன். இது எனக்கு. உங்கள் அளவை அவரிடம் கிராமில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெருகடி, சிட்டிகை என்பவை பாட்டிமார் கணக்கு, கைக்குக் கை மாறும்.

ராத்திரி நேரம் எனக்கு வசதியாக அமைந்ததற்குக் காரணம் தைராய்டு மாத்திரை. அதைக் காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும், பாலும் கால்சியமும் அதன் உறிஞ்சலைக் கெடுக்கும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். கிழங்குப் பாலையும் காலையில் சேர்த்துக் குடித்தால் தைராய்டு மாத்திரையின் பலன் குறையும். இதைப் பலரும் யோசிப்பதில்லை.

பொடியை மூன்று மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். சூரணத்துக்கு ஆயுள் மூன்று மாதம், நெய்க்கும் இளகத்துக்கும் ஆறு மாதம் என்பது சித்த மருத்துவக் கணக்கு. சென்னைக் காற்றின் ஈரத்தில் அதற்கு முன்பே கட்டி தட்டிவிடும். கண்ணாடிப் புட்டியில், காய்ந்த கரண்டியால் எடுக்கவும். ஒரே தடவையில் அரைக் கிலோ வாங்காதீர்கள், 100 கிராம் போதும்.

முதல் வாரம் பாதி அளவோடு ஆரம்பியுங்கள். சிலருக்கு வயிறு உப்புசம், சிலருக்கு இளக்கமாகப் போகும், எடை ஏறியதாகவும் சொல்கிறார்கள். எடை ஏறுவதில் பாலும் நாட்டுச் சர்க்கரையும் பங்கு கேட்கும்.

9. எத்தனை நாள், எப்போது நிறுத்துவது

ஒரு மண்டலம், 48 நாள், பொதுவாகச் சொல்லும் கணக்கு. அந்த 48 நாளுக்கும் ஒரு நோட்டில் தேதி, மாதவிலக்கு, தூக்கம், எரிச்சல் என்று குறித்து வையுங்கள். 48-ஆம் நாள் நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள், மாற்றம் இல்லையென்றால் இன்னொரு டப்பா வாங்காதீர்கள். எனக்கு உள்ளங்கால் எரிச்சல் நன்றாகக் குறைந்தது. கிழங்கால் குறைந்ததா, அதே சமயத்தில் தொடங்கிய தைராய்டு மாத்திரையால் குறைந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டரும் அப்படித்தான் சொன்னார்.

தோல் தடிப்பு, மூச்சுத் திணறல், முகம் வீங்குதல் வந்தால் அன்றைக்கே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டப்பாவையும் எடுத்துக்கொண்டு. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் முன்கூட்டியே அந்த டாக்டரிடம் இதைச் சாப்பிடுவதாகச் சொல்லுங்கள். சித்த மருந்தால் பாதிப்பு என்று சந்தேகம் வந்தால் தாம்பரம் நிறுவனத்தில் பக்கவிளைவுப் புகார் பெறுவதற்கென்று ஏற்பாடு இருக்கிறது, உங்கள் டாக்டர் மூலமாகவே பதிவு செய்யலாம்.

10. மொத்தச் செலவும் காலமும்

பரிசோதனை சுமார் 1,000 ரூபாய், அரசு இடத்தில் டாக்டர் செலவு இல்லை, பேருந்து, ரயில் போக்குவரத்து 100 ரூபாய்க்குள், பொடி 48 நாளுக்கு 200 ரூபாய்க்கும் குறைவு. ஸ்கேன் தேவைப்பட்டால் அது தனி. டாக்டரைப் பார்க்க அரை நாள், ரத்தப் பரிசோதனை முடிவு வர ஒரு நாள், கடைக்கு ஒரு மாலை. பார்க் டவுனுக்குப் போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான மொத்தக் கடைகள் மூடியிருக்கும், நான் போய் ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.